மாடி பாத்ரூம் பைப்புக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங்கில் கன்சீல்ட் லைட் போடலாமா?

இலக்கியம்பட்டி_மாடி

வணக்கம். தர்மபுரி இலக்கியம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே சாப்பாட்டு அறை, அதற்கு நேர் மேலே மாடி பாத்ரூம். தளத்தைத் தாழ்த்திப் போடாமல், பைப் எல்லாவற்றையும் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு ஃபால்ஸ் சீலிங்கில் மறைத்துவிடலாம் என்று இன்ஜினியர் சொன்னார். பைப் வேலை முடிந்துவிட்டது, போர்டு இன்னும் அடிக்கவில்லை. தளத்திலிருந்து போர்டு வரை 1 அடி 2 அங்குலம் இடைவெளி வரும்.

சீலிங் போடுபவர் ஆறு கன்சீல்ட் லைட்டுக்கு இடம் குறித்திருக்கிறார். அதில் ஒன்று நஹானி டிராப்புக்கு (பாத்ரூம் தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) நேர் கீழே, இன்னொன்று கழிப்பறைப் பைப்புக்கு அடியில். எங்கள் ஒயர்மேனைக் கேட்டால், "ஐ.பி.65 லைட் வாங்கிக்கலாம் அக்கா, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்கிறார். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் சொல்வது சரிதானா?

பாலக்கோடு_தம்பி

பைப் இருக்கும் பக்கம் லைட்டே வேண்டாம் அக்கா. சுவரில் இரண்டு டியூப் லைட் போதும்.

அரூர்_ஒயர்மேன்

தம்பி சொல்வதும் ஒரு வழிதான், ஆனால் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. அதே நேரம் உங்கள் ஒயர்மேன் சொன்னதை அப்படியே ஏற்கவும் முடியாது அக்கா.

ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது. ஆனால் சீலிங்கில் பதிக்கிற லைட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 65 கீழே தெரியும் முகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். குளிக்கும்போது கீழேயிருந்து தெறிக்கும் தண்ணீரை நினைத்துச் செய்த பாதுகாப்பு அது. போர்டுக்கு மேலே மறைந்திருக்கும் முதுகுப்புறமும், ஒயரில் தொங்கும் டிரைவரும் (லைட்டுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) பல நேரம் ஐ.பி.20 ஆக இருக்கும். 20 என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. உங்களுக்குத் தண்ணீர் வரப்போவது மேலேயிருந்து. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, டிரைவரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தனியாகப் பாருங்கள். பெட்டி மேல் ஒன்று, டிரைவர் மேல் வேறொன்று இருப்பது சாதாரணம்.

அப்புறம், ஜிப்சம் போர்டின் மேல் விழும் தண்ணீர் விழுந்த இடத்திலேயே நிற்காது. போர்டின் முதுகில் பரவி, கீழே இறங்க எங்கே துவாரம் இருக்கிறதோ அங்கே போகும். போர்டில் துவாரம் இருப்பது லைட்டுக்காக வெட்டிய இடத்தில் மட்டும்தான். அதனால் டிராப்புக்கு நேர் கீழே இருக்கும் லைட்டை ஒரு அடி தள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். லைட் எங்கே, டிரைவர் எங்கே, இணைப்பு எங்கே, ஒயர் எந்த வழியாக இறங்குகிறது என்ற நான்கையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கழிப்பறைப் பைப்பின் வாட்டம் எந்தப் பக்கம் இறங்குகிறது? இறங்கும் முனையில் பைப்புக்கும் போர்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும்? அந்த லைட்டுகள் இன்வெர்ட்டர் லைனில் வருகின்றனவா?

மத்தூர்_மாந்தோப்பு

எங்கள் வீட்டில் பாத்ரூமுக்கு அடியில் பழைய 50 வாட் ஹாலஜன் பல்புகளே பல வருடம் எரிந்தன. ஒன்றும் ஆகவில்லை. இப்போது வரும் எல்.இ.டி. 7 வாட், 12 வாட்தான். பைப்புக்கு அடியில் தகரத்தில் ஒரு தட்டு அடித்துத் தொங்கவிட்டால் கசிந்தாலும் தட்டில் விழும். இதற்குப் போய் லைட்டை ஏன் தள்ள வேண்டும்?

அரூர்_ஒயர்மேன்

ஐயா, சூட்டைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஹாலஜன் காலத்தில் இருந்த தீப்பிடிக்கும் பயம் எல்.இ.டி.யில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் தண்ணீருக்கு வாட் கணக்குக் கிடையாது. 7 வாட் லைட்டுக்கு வருவதும் அதே 230 வோல்ட்தான். ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் உங்கள் பைப் கசியாமல் இருந்ததுதான்.

தட்டு பற்றி பிளம்பர் யாராவது சொல்லட்டும்.

இலக்கியம்பட்டி_மாடி

அண்ணா, இன்று போய் அளந்து பார்த்தோம். கழிப்பறைப் பைப் 110 மி.மீ., நஹானி டிராப்பிலிருந்து வருவது 75 மி.மீ. இரண்டும் வடக்குச் சுவர் பக்கம் வாட்டமாக இறங்கி, அங்கே வெளியே போகின்றன. சுவர் ஓரத்தில் பெரிய பைப்புக்கும் போர்டுக்கும் நடுவே 2 அங்குலம்தான் மிச்சம். குறித்திருக்கும் லைட்டின் உயரம் 60 மி.மீ. என்று பெட்டியில் இருக்கிறது. இன்வெர்ட்டர் உண்டு, கீழ்த்தள லைட் எல்லாம் அதில்தான் வருகிறது.

அரூர்_ஒயர்மேன்

அப்படியென்றால் அந்த வடக்கு ஓர லைட் பாதுகாப்புப் பேச்சுக்கு முன்பே உட்காராது. 2 அங்குலம் என்பது ஏறக்குறைய 50 மி.மீ. அதோடு, ஸ்பிரிங் கிளிப் வைத்த லைட்டை உள்ளே தள்ளும்போது இரண்டு கிளிப்பும் நேராக நிமிர்ந்து நின்று, பிறகுதான் பக்கவாட்டில் மடங்கும். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை விடக் கூடுதலாக இடம் வேண்டும். இடம் பார்க்காமல் அழுத்தினால் ஸ்பிரிங் பைப்பில் தேய்ந்துகொண்டே கிடக்கும், அல்லது லைட் போர்டை விட்டுப் பிதுங்கி நிற்கும். லைட்டின் முதுகில் சூடு வெளியேறவும் காற்று வேண்டும். பி.வி.சி. பைப்பை ஒட்டிய மாதிரி வைக்கவே கூடாது.

பைப்லைன்_காரிமங்கலம்

அம்மா, நான் பிளம்பிங் வேலை செய்கிறவன். தொங்கும் பைப்பில் தண்ணீர் எங்கே கசியும், எங்கே சொட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதை மட்டும் சொல்கிறேன்.

கசியும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. டிராப்பில் கசிந்த தண்ணீர் நேராகக் கீழே விழாது. பைப்பின் அடிவயிற்றை ஒட்டிக்கொண்டு வாட்டம் இறங்கும் பக்கமே ஓடும். வழியில் ஒரு கிளாம்ப், ஒரு கப்ளர், ஒரு பெண்டு என்று எங்கே தடை வருகிறதோ அங்கேதான் சொட்டும். ஆகவே டிராப்புக்குக் கீழே இருக்கும் லைட்டை வடக்குப் பக்கம் தள்ளினால், பாதுகாப்பு என்று நினைத்து சொட்டும் இடத்துக்கே கொண்டு போகிறீர்கள். தெற்கே, அதாவது வாட்டத்தின் மேட்டுப் பக்கம் தள்ளுங்கள். பைப் போகும் பாதைக்கு அடியில் எதுவுமே வேண்டாம். பக்கவாட்டில் குறைந்தது ஒன்றரை அடி விட்டு வையுங்கள்.

முதலில் கசிகிற இடம் பைப்பின் ஒட்டு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் தளத்தில் துளைபோட்டு டிராப்பை இறக்கிய இடத்தைச் சுற்றித்தான் ஊறல் வரும். கான்கிரீட்டும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று பிடிக்காது. சுருங்காத கிரவுட் (சந்தை அடைக்கும் கலவை) நிரப்பி, மேலே வாட்டர்ப்ரூஃபிங் பூச்சை டிராப்பின் வாய்க்குள் வரை இறக்கிவிட வேண்டும். வெறும் சிமென்ட் பால் ஊற்றி மூடியிருந்தால் கொஞ்ச நாளில் விரிசல் விடும்.

நம் பக்கத்துத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். குடிக்க 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது, ஃப்ளோரைடு பிரச்சினைக்கு அது விடிவு. ஆனால் பாத்ரூமில் ஓடுவது பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். சி.பி.வி.சி. பைப்பில் பித்தளை மரை வரும் இடங்களில் மெல்லிய கசிவு இருந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். சொட்டே விழாமல், பூத்த உப்பே பல நாள் கசிவை மறைத்து வைத்திருக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும்.

போர்டு அடிப்பதற்கு முன் பாத்ரூம் டிராப் வாயை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். கீழே நின்று ஒவ்வொரு துளையையும் கையால் தடவிப் பாருங்கள். அப்புறம் அடைப்பை ஒரே வீச்சில் திறந்து, கீழே ஒட்டுகளைப் பாருங்கள். வெந்நீர், தண்ணீர் லைன்களுக்கு பிரஷர் பம்ப் வைத்துத் தனியாகச் சோதனை செய்ய வேண்டும். இவை எல்லாம் முடிந்த பிறகு சீலிங்காரரை உள்ளே விடுங்கள்.

தட்டு கேட்டீர்கள் ஐயா. தட்டு வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு சின்னக் குழாய் வைத்து, வீட்டுக்காரர் கண்ணில் படும் இடத்தில், வெளிச் சுவரில் விட வேண்டும். அப்போதுதான் சொட்டினால் தெரியும். குழாய் இல்லாத தட்டு கசிவைப் பல மாதம் மறைக்கும், நிறைந்த அன்றைக்கு மொத்தமாகப் போர்டில் கொட்டும்.

ஓசூர்_சிவில்

தட்டு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. 14 அங்குல இடைவெளியில் பைப், கிளாம்ப், சீலிங்கின் கம்பி எல்லாம் போக, வாட்டத்தோடு தட்டு அமைக்க இடம் கிடைக்காது. பார்க்கவே முடியாத இடத்தில் இன்னொரு ஒட்டைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். அந்தச் செலவில் சீலிங்கில் திறந்து மூடும் கதவு (டிராப் டோர்) இரண்டு வையுங்கள். ஒன்று டிராப்புக்கு நேர் கீழே, இன்னொன்று வடக்கு ஓரத்தில் பைப் வளையும் இடத்தில். 2 அடிக்கு 2 அடி இருந்தால் ஒரு ஆள் தலையும் கையும் நுழைத்து வேலை செய்யலாம். டிராப் டோர் தெரிந்தால் அழகு கெடும் என்று பலர் மறுக்கிறார்கள். கதவு இல்லாவிட்டால் ஒரு ஒட்டைச் சரிசெய்ய போர்டையே உடைக்க வேண்டியிருக்கும். ஃபிரேமோடு கதவைப் பதித்து, மேலே அதே பெயின்ட் அடித்தால் கோடு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பகுதிக்குச் சாதாரண ஜிப்சம் வேண்டாம். ஈரம் தாங்கும் பச்சைப் போர்டு அல்லது கால்சியம் சிலிக்கேட் போர்டு கேளுங்கள். பச்சைப் போர்டு காற்றின் ஈரத்தைத் தாங்கும். தேங்கும் தண்ணீரைத் தாங்காது. அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சீலிங் கம்பிகளைத் தளத்தில் ஆங்கர் அடித்துத் தொங்கவிட வேண்டும். அவசரத்தில் பைப்பின் கிளாம்பிலேயே கட்டிவிடுவார்கள், விடாதீர்கள். பைப்பின் மேல் பாரம் ஏறினால் வாட்டம் மாறும், ஒட்டு பிரியும்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சேதி. கீழேயும் பாத்ரூம், மேலேயும் பாத்ரூம் என்று இருந்தால் கணக்கு இன்னும் கடுமை. குளிக்கும் இடத்தில் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை மின் பாதுகாப்பில் தனி மண்டலமாக எடுத்துக்கொள்வார்கள். பாத்ரூமில் 7 அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டால் அது 2.13 மீட்டர்தான், அந்த மண்டலத்துக்குள் வந்துவிடும். அங்கே கீழ்முகமும் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும், மேலே பைப்புக்கான கவனமும் வேண்டும்.

பாலக்கோடு_தம்பி

12 வோல்ட் லைட் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே அண்ணா? ஷாக் அடிக்காதே.

அரூர்_ஒயர்மேன்

நல்ல யோசனைதான் தம்பி. ஆனால் 12 வோல்ட்டைத் தருகிற டிரைவருக்கு 230 வோல்ட் போகிறதே, அதை எங்கே வைப்பாய்? லைட்டின் பக்கத்திலேயே போர்டின் மேல் போட்டால் ஆபத்து இடம் மாறவே இல்லை. டிரைவரைப் பைப் இல்லாத அறையில், கை எட்டும் இடத்தில் வைத்து, அங்கேயிருந்து குறைந்த வோல்ட் ஒயரை மட்டும் பாத்ரூம் அடிக்கு இழுத்தால் உண்மையிலேயே நல்ல பாதுகாப்பு. தூரம் கூடினால் வோல்ட் குறையும், அதற்கேற்ற தடிமனில் ஒயர் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். சாதாரண கன்சீல்ட் லைட்டுக்கு வரும் டிரைவரின் வெளியீடும் குறைந்த வோல்ட்தானே என்று தொடக் கூடாது. மலிவான டிரைவர்களில் உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போவதற்கும் நடுவே தடுப்பு இருக்காது. அதன் வெளி ஒயரைத் தொட்டாலும் மெயினைத் தொட்ட மாதிரி அடிக்கும். ஐசொலேட்டட் டிரைவரா என்று கேட்டு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்கு.

இனி அக்காவுக்கு, ஒயரிங் எப்படி என்று சொல்கிறேன். லைட்டுக்கு வரும் 1.5 சதுர மி.மீ. ஒயர் கான்டியூட் பைப்புக்குள் தளத்தை ஒட்டி வரட்டும், தண்ணீர்ப் பைப்புக்கு மேலே அல்லது பக்கத்தில் தள்ளி. தண்ணீர்ப் பைப்பிலேயே டை போட்டுக் கட்டக் கூடாது. இறங்கும் ஒயரை லைட்டுக்கு நேராக விடாமல், இணைப்பை விடக் கொஞ்சம் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மறுபடி மேலே ஏற்றி இணையுங்கள். ஒயரைப் பிடித்து இறங்கும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. இடம் குறைவான உங்கள் சீலிங்கில் லைட்டுக்குப் பக்கத்தில் வளைவு விட முடியாவிட்டால், இணைப்பையே மேட்டில் வையுங்கள்.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இங்கே வேண்டவே வேண்டாம். சீலிங்குக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை உருகி நாளடைவில் அவிழும். லீவர் கனெக்டர் போட்டு, மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, பாக்ஸைத் தளத்தில் திருகி மாட்டுங்கள். ஒயர் நுழையும் வாய் பக்கவாட்டிலோ கீழேயோ இருக்கட்டும், மேலே வேண்டாம். டிரைவரும் போர்டின் மேல் படுக்கக் கூடாது. சேனலில் உயர்த்திக் கட்டி, டிராப் டோரிலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சுவிட்ச் ஃபேஸ் ஒயரில் வருகிறதா என்பதை டெஸ்டர் வைத்துச் சரிபாருங்கள். நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருந்தால் லைட் அணைந்திருக்கும்போதும் உள்ளே மின்சாரம் நிற்கும். அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம், 30 மில்லிஆம்பியர். எம்.சி.பி. அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். ஈரத்தின் வழியாக மெதுவாகக் கசியும் மின்சாரத்தை அது கண்டுகொள்ளாது. இங்கேதான் இன்வெர்ட்டர் சிக்கல். மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது அது இந்த லைட்டுகளைக் காக்காது. இன்வெர்ட்டரிலிருந்து வெளிவரும் லைனில் தனியாக ஒன்று மாட்டி, கரண்ட் இல்லாதபோதும் அது விழுகிறதா என்று சோதனைக் கருவி வைத்து உங்கள் ஒயர்மேன் காட்ட வேண்டும். எல்லா இன்வெர்ட்டரிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. என்னைக் கேட்டால், அந்த அறையில் பைப் பக்கம் இருக்கும் லைட்டுகளை இன்வெர்ட்டர் லைனிலிருந்தே எடுத்துவிடுங்கள். மற்ற பக்கத்தில் ஒரு லைட் மட்டும் இன்வெர்ட்டரில் எரிந்தால் சாப்பிடப் போதும்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு லைனின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கியதுதான் காரணம். அதைக் கண்டுபிடித்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மத்தூர்_மாந்தோப்பு

இன்வெர்ட்டர் விஷயம் எனக்குப் புதிது தம்பி. நாளைக்கே எங்கள் ஒயர்மேனைக் கூப்பிடுகிறேன். தட்டு பற்றி ஓசூர் அம்மா சொன்னதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வெளியே குழாய் விட்ட தட்டு நல்லது என்றே இன்னும் நினைக்கிறேன். வயதானவர்கள் கதவைத் திறந்து ஏறிப் பார்க்கப் போவதில்லையே, வெளியே சொட்டினால் கண்ணில் படும்.

இலக்கியம்பட்டி_மாடி

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் கட்டிச் சோதித்தோம். நஹானி டிராப் துளையைச் சுற்றி மறுநாளே கருமையாக ஈரம் தெரிந்தது, நீங்கள் சொன்ன அதே இடம்தான் பிளம்பர் அண்ணா. தரை ஓடு இன்னும் ஒட்டாததால் பூச்சை எடுத்து, கிரவுட் நிரப்பி, வாட்டர்ப்ரூஃபிங் மறுபடி அடித்தார்கள். இரண்டாம் முறை கட்டியபோது காய்ந்தே இருந்தது.

வடக்குப் பக்கத்து இரண்டு லைட்டையும் எடுத்துவிட்டோம். நான்கு கன்சீல்ட் லைட் தெற்குப் பாதியில், மேஜைக்கு மேலே. வடக்குச் சுவரில் சுவர் லைட் ஒன்று. டிராப் டோர் இரண்டு. தட்டு வைக்கவில்லை. பைப் எல்லாவற்றையும் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். போர்டில் துளை போடும்போது வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

அரூர்_ஒயர்மேன்

அந்தப் போட்டோவைப் பார்த்துக் குறித்த பிறகும், முதலில் சின்னத் துளை ஒன்று போட்டு, வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். எதுவும் தட்டவில்லை என்றால் வட்டத் துளை வெட்டும் ஹோல் சா வைக்கலாம். ஹோல் சாவின் நடு பிட் கட்டரை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், போர்டு 12.5 மி.மீ.தான், அழுத்தினால் பிட் உள்ளே பாய்ந்து பைப்பைக் குத்தும். முடிந்தால் போர்டைத் தரையில் வைத்தே வெட்டி, அப்புறம் மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி_பழையபேட்டை

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சீலிங் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. பாத்ரூமுக்கு அடியில் இருக்கும் ஒரு லைட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிகிறது, இன்று காலை ஒரு சொட்டும் விழுந்தது. லைட் எரிகிறது. என்ன செய்வது?

அரூர்_ஒயர்மேன்

அந்த லைட்டின் சுவிட்சைத் தொட வேண்டாம். கை, கால் காய்ந்திருக்க, மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பட்டனை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல், வெளிவரும் லைனையும் துண்டிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் தானாகவே அந்த லைட்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும் என்பது பலருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. மாடி பாத்ரூமை யாரும் பயன்படுத்த வேண்டாம், அதற்குப் போகும் தண்ணீர் வால்வையும் மூடுங்கள். லைட்டுக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம்.

பைப்லைன்_காரிமங்கலம்

மின்சாரம் நின்றது உறுதியான பிறகு, போர்டு எங்காவது தொப்பை மாதிரி தொங்குகிறதா பாருங்கள். தொங்கினால் கீழே வாளி வைத்து, பக்கத்தில் நின்று ஸ்க்ரூ டிரைவரால் அந்த இடத்தில் குத்தி வடித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கிய ஜிப்சம் மொத்தமாகப் பெயர்ந்து விழும். அப்புறம் பிளம்பரைக் கூப்பிட்டு, டிராப்பைச் சுற்றித் திறக்கச் சொல்லுங்கள். வளையம் தெரிகிற இடத்தை மட்டும் வெட்டினால் கசிவு அகப்படாது, வாட்டத்தின் மேட்டுப் பக்கம் தேடச் சொல்லுங்கள்.

அரூர்_ஒயர்மேன்

நனைந்த டிரைவரைக் காயவைத்து மறுபடி போட வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். உள்ளே உப்புப் படிந்திருக்கும், காய்ந்த பிறகும் கடத்தும். கனெக்டரையும் மாற்றி, ஒயரின் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிடுங்கள். அந்த லைனை மெகர் (ஒயரில் மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகு மெயினைப் போடட்டும்.

கிருஷ்ணகிரி_பழையபேட்டை

மெயின், இன்வெர்ட்டர் இரண்டும் அணைத்தாகிவிட்டது அண்ணா. பிளம்பர் மதியம் வருகிறார், ஒயர்மேனையும் அவரோடு வரச் சொல்லியிருக்கிறேன்.